லார்பி இறங்காத ஓடுதளம்

லார்பி செத்தது மாண்ட்ரியாலில். தெருப்பனி வாரும் வண்டி அவனுடையது. விடிகாலையில் நெஞ்சு வலித்திருக்கிறது. வண்டியை ஓரமாக ஒதுக்கி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்திருக்கிறான். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் மிலூத் இதைத்தான் சொன்னான்.

"வண்டியை ஓரங்கட்டிட்டுத்தான் போயிருக்கான். எவன் மேலயும் ஏத்தலை."

போன பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்தபோது லார்பி ஒன்று சொல்லியிருந்தான். அக்கா ரஹ்மா ஊற்றிக்கொடுத்த புதினாத் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "அங்க பனிக்காலத்துல மண்ணு இரும்பாக் கெடக்கும்க்கா. கடப்பாரை எறங்காது. செத்தவங்களைப் பெட்டியில போட்டு வசந்தம் வர்ற வரைக்கும் ஒரு கொட்டகையில அடுக்கி வச்சிருவானுங்க. என்னை மட்டும் அப்படி அடுக்க விட்டுடாதீங்க. என்னைக்கா இருந்தாலும் இங்கதான் கொண்டாந்து போடணும்." ரஹ்மா அவன் வாயில் ஒரு தட்டு தட்டினாள். தாய் தகப்பன் போனபிறகு இரண்டு தம்பிகளையும் வளர்த்தவள் அவள்தான். ஐம்பதை நெருங்குகிறவன் வாயில் தட்டும் உரிமை ஊரில் அவளுக்கு மட்டும் இருந்தது.

இப்போது அவன் சொன்னபடியே வந்துகொண்டிருந்தான். கடலுக்கு மேலே, பெரிய விமானத்தின் வயிற்றில், துத்தநாகத் தகடு அடித்த பெட்டியில்.

அந்த விமானம் வந்து இறங்கவேண்டிய ஓடுதளத்தில் மிலூத் மேஸ்திரி.

வேலைத்தளத்து வாசலில் விமானக் கம்பெனிக்காரர்கள் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கில் ஒரு விளம்பரப் பலகை நட்டிருந்தார்கள். நீலக் கடல். அதன் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நியூயார்க், மாண்ட்ரியால், மயாமி என்று வளைவு வளைவாகக் கோடுகள். இன்னும் வாங்கப்போகும் விமானங்களெல்லாம் கீழே வரிசையாக நின்றன, படத்தில். அவை முழுப் பாரத்தோடு வெயில் காலத்தில் எழும்ப இருக்கிற நீளம் போதாது என்று ஓடுதளத்தை வயலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூடவே, பழைய பகுதியில் சக்கரங்கள் வந்து அறைந்து அறைந்து நொறுங்கிப்போன காங்கிரீட் கட்டங்களைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். மிலூத்தின் ஆட்களுக்கு அந்த வேலை. அத்தனை பேரும் உலாத் ரஹ்மூன்காரர்கள், ஒரே ஊர். ஒருவனுக்கு ஒருவன் மாமன் மச்சான், இல்லையென்றால் பங்காளி.

"கடலுக்கு மேல சேமியாவைக் கொட்டினாப்புல இருக்கு" என்பான் மக்கி, அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம். "இத்தனை கோடும் நம்ம முதுகு மேலதான் போகுது."

மிலூத்துக்கு அந்தக் கோடுகளில் ஒன்று மட்டும் சொந்தம். முன்பெல்லாம் லார்பி பாரீஸில் இறங்கி, பெஞ்சில் தூங்கி, வேறு விமானம் பிடித்து வருவான். நேரே வரும் விமானம் விட்டபிறகு போனில் சொன்னான்: "நீ போடுற தரையிலேயே வந்து குதிக்கிறேண்ணே. ஆட்டம் கண்டுச்சுன்னா உன்னைத்தான் வைவேன்."

அன்றைக்கு விடியும்போதே நான்கு கட்டங்களுக்குக் கலவை கொட்டியாயிற்று. சீக்கிரம் இறுகுகிற கலவை. காலையில் கொட்டினால் பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கு விமானம் இறக்கலாம். அதுவரை நீள ஓடுதளத்தை மூடி வைப்பார்கள். சின்ன விமானங்கள் பக்கத்துக் குட்டை ஓடுதளத்தில் இறங்கிக்கொள்ளும். பெரியவை அதில் இறங்க முடியாது.

கொட்டியதோடு வேலை முடிந்துவிடாது. காங்கிரீட் இறுகும்போது சுருங்கும். சுருங்கினால் எங்கேயாவது பிளந்தாக வேண்டும். அது தன் இஷ்டத்துக்குப் பிளப்பதற்குள், பல்சக்கர மெஷினை ஓட்டி நேர்க்கோடாக வெட்டிவிட்டால் பிளவு அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். பச்சையாக இருக்கும்போதே வெட்டினால் ஓரம் பொடிந்துபோகும். பிந்தினால் விரிசல். குளிர்ந்த நாளில் உச்சிப்பொழுதுவரை காத்திருக்கலாம். அன்றைக்குக் குளிர்ந்த நாள்தான். கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது.

கலவையைத் தேய்த்து முடித்து ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தபோது ஹாதியிடமிருந்து போன் வந்தது. சரக்குக் கொட்டகையில் வேலை செய்கிறவன், மிலூத்தின் மனைவி வழியில் உறவு.

"ப்ளேன் கெளம்பிருச்சுண்ணே. பனியால ராத்திரி எடுக்கலை. இப்பத்தான் எடுத்திருக்கான். அஸருக்கு எறங்கிரும். பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க கபரை மட்டும் ரெடி பண்ணிருங்க. பெட்டி கைக்கு வந்த ஒடனே நேரா அங்கதான்."

மிலூத் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்களைப் பார்த்தான். எல்லாரும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டிருந்தார்கள்.

உலாத் ரஹ்மூனில் கபர் தோண்டக் கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. முதல் நாளே தோண்டி வைப்பதும் இல்லை. குழி வாயைத் திறந்துகொண்டு ஓர் இரவு கிடந்தால் வேறு யாரையாவது கேட்கும் என்பார்கள். போகிறவனை மண்ணில் வைக்கும் நாளில்தான், ஊர் ஆண்கள் கூடித் தோண்ட வேண்டும். முதல் வெட்டு ரத்த சொந்தம் போட வேண்டும்.

"இப்பப் போனா உச்சிக்குள்ள தோண்டிட்டு வந்துரலாம்" என்றான் மிலூத். "வந்து கோடு வெட்டறோம், கழுவி விடறோம், மேடத்துக்கிட்ட ஒப்படைக்கறோம். ப்ளேன் எறங்கும். அவனைத் தூக்கிக்கிட்டுப் போறோம். ரெண்டு பேர் மட்டும் மெஷின்கிட்ட நில்லுங்க. யார் நிக்கறீங்க?"

ஆட்கள் மிச்ச ரொட்டியை மடித்துக் கட்டத் தொடங்கினார்கள்.

"அப்துஸ்ஸலாம், நீ நில்லு."

"நானா? என் கால்ல கெடக்கிற பூட்ஸைப் பாருங்க மேஸ்திரி. லார்பி அனுப்புனது. இதைப் போட்டுக்கிட்டு அவன் குழிக்குப் போகாம இங்க நின்னேன்னா இது என் காலைக் கடிக்கும்."

"மக்கி, நீதான் அவன்கூடப் பேசமாட்டியே. நீ நில்லு."

மக்கிக்குக் கோபம் வந்துவிட்டது. "அதனாலதான் நான் நிக்க முடியாது! கெணத்து மோட்டார் தகராறுல எட்டு வருஷமா அவன் மூஞ்சியைப் பாக்கலை. இப்ப நான் போகலேன்னா ஊர் என்ன சொல்லும்? செத்தப்பறமும் பகையை வச்சிருக்கான் பாருன்னு சொல்லாது? உங்களுக்கென்ன, நீங்க அண்ணன். நான்தான் கட்டாயம் போகணும்."

ஒவ்வொருவனுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருவன் லார்பியோடு ஆடு மேய்த்தவன். ஒருவன் மகனுக்கு லார்பி பெயர் வைத்தவன். இன்னொருவனுக்குக் காரணம் எதுவுமில்லை, ஆனாலும் எல்லாரும் போகும்போது தான் மட்டும் நின்றால் நன்றாயிருக்காது. மின்விளக்குக்காரர்கள் அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வடக்கத்திக்காரர்கள், மெஷினைத் தொட்டதில்லை. அதட்டி இரண்டு பேரை நிறுத்தி வைக்க மிலூத்துக்கு வாய் வரவில்லை. தம்பியின் குழிக்கு வருகிறேன் என்று நிற்பவனை எந்த முகத்தோடு வராதே என்று சொல்வது?

பொறியாளர் ஸனா மேடம் கொள்கலன் அறையில் இருந்தாள். சின்ன வயதுதான். மிலூத் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"அல்லா அவருக்குக் கருணை செய்யட்டும். போயிட்டு வாங்க மிலூத். கோடு யார் வெட்டறது?"

"நாங்களே வந்து வெட்டிருவோம் மேடம். உச்சி வரைக்கும் தாங்கும்."

அவள் சன்னல் வழியே, காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்தாள். அது கடல் காற்றில் சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. "சரி" என்றாள்.

குழிக்கு மேலே குறுக்கே அடுக்குகிற பலகைகள் ஏற்கெனவே வண்டியில் இருந்தன. முந்தின நாள் மிஞ்சின கலவையில் மிலூத்தே அச்சுப் போட்டு வார்த்தவை. ஓடுதளத்துக்குப் போன அதே கலவை. கபர்ஸ்தான் அரை மணி ஓட்டம். போகும் வழியில் மக்கி, "அந்த மோட்டார் உண்மையில அவனோடதுதான்" என்றான்.

மிலூத் முதல் வெட்டுப் போட்டான். மேல் மண் கறுப்பாக, மழை ஈரத்தோடு வெண்ணெய் மாதிரி வந்தது. முழங்கால் ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை தட்டியது. அந்தப் பக்கத்தில் சில இடங்களில் அப்படித்தான், கீழே ஓடு மாதிரி ஒரு பாறை படிந்திருக்கும். இடம் மாற்ற முடியாது. ஒரு பக்கம் அப்பன், ஒரு பக்கம் அம்மா. நடுவில் இருந்த இடம் அது ஒன்றுதான். கடப்பாரையை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஆள் மாறி ஆள் குழிக்குள் இறங்கினார்கள். பாறை சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது.

மிலூத் குழிக்குள் இருந்தபோதுதான் அது நடந்தது. நிமிர்ந்து முதுகை நீட்டினான். குழிக்குள் இருந்த குளிர்ச்சியிலிருந்து தலை வெளியே வந்ததும் பிடரியில் அனல் பட்டது. அடுப்பு வாயைத் திறந்தது போல. கபர்ஸ்தான் ஓரத்து யூகலிப்டஸ் மரங்கள் எல்லாம் மேற்கே பார்த்துச் சாய்ந்திருந்தன.

ஷர்கி. பாலைவனத்துக் காற்று. மாசி மாதத்தில் எப்போதாவது ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் வரும்.

அவன் கையிலிருந்த வியர்வை காய்ந்துவிட்டதைப் பார்த்தான். நான்கு கட்டம் காங்கிரீட்டும் இதே மாதிரி காய்ந்துகொண்டிருக்கும். உச்சிவரை தாங்காது. இப்போதே, இந்த நிமிஷமே மெஷின் ஓட வேண்டும்.

மேலே நின்றவர்களும் தெரிந்துகொண்டார்கள். காங்கிரீட்காரர்கள் எல்லாரும். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தான். ஆனால் பாதி தோண்டின குழியை விட்டுவிட்டு வா என்று அண்ணனிடம் சொல்ல எவனுக்கும் நாக்கு எழவில்லை. ரெண்டு பேர் ஓடுங்கடா என்று மிலூத்தாவது சொல்லியிருக்கலாம். அவன் சொன்னது, "சீக்கிரம், சீக்கிரம்" என்பதுதான். கடப்பாரைகள் வேகமாக விழுந்தன.

குழியை முடித்துத் திரும்பி வந்து சேர்ந்தபோது ஸனா மேடம் ஓடுதளத்தின் நடுவே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். தலைத்துணியைக் காற்று பிடுங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ தடவை போன் செய்திருக்கிறாள். போன்களெல்லாம் கபர்ஸ்தான் சுவரில், கழற்றிப்போட்ட மேல்கோட்டுகளுக்குள் கிடந்திருந்தன.

முதல் கட்டத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு விரிசல். மயிரிழை அளவு. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் குறுக்கே நடுவில் ஒன்று. நான்காவது தப்பித்திருந்தது. மிலூத் அவள் பக்கத்தில் குந்தி, விரலால் விரிசலைத் தடவினான்.

"மேல்விரிசலா இருக்கக்கூடாதா மேடம்?"

"நீங்களே சொல்லுங்க, மேல்விரிசலா?"

அவன் சுத்தியலால் இரண்டு பக்கமும் தட்டினான். சத்தம் வேறு வேறாக வந்தது. அடிவரை போயிருந்தது.

"பசை ஊத்தி..."

"மிலூத்." அவள் குரலில் கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அத்தனை எடை வந்து இதுமேல அறைஞ்சா சில்லு தெறிக்கும். எஞ்சினுக்குள்ள போச்சுன்னா? உள்ள முன்னூறு பேர் இருக்காங்க. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லிட்டேன். இன்னைக்குத் தெறக்க முடியாது."

"அந்த ப்ளேன்ல என் தம்பி வர்றான் மேடம்."

"தெரியும்" என்றாள். எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி அறைப்பக்கம் நடந்தாள். நடுவழியில் நின்று கையால் முகத்தைத் துடைத்தாள். தூசியாகவும் இருக்கலாம்.

விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தது. மேற்கே கடல் பக்கமிருந்து பெரிதாக, வெள்ளையாக. வயிற்றில் எழுதியிருந்த எழுத்துகூடத் தெரிந்தது. ஓடுதளத்துக்கு மேலே ஒரு சுற்று, இன்னொரு சுற்று. உலாத் ரஹ்மூன்காரர்கள் விரிசல் விட்ட காங்கிரீட்டின் மேல் வரிசையாக நின்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மக்கி இரண்டு கையையும் ஏந்தி ஏதோ முணுமுணுத்தான். பிறகு விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிழக்கே திரும்பியது.

"போறானே" என்றான் அப்துஸ்ஸலாம். "எங்கடா போறான்?"

ரஹ்மாவிடமிருந்து போன் வந்தது. பின்னால் பாத்திரச் சத்தம், ஓதும் சத்தம்.

"டேய், தலைக்கு மேல பெரிய ப்ளேன் ஒண்ணு போச்சு. அதுதானா? எறங்கிட்டானா?"

"இன்னும் எறங்கலைக்கா. வேற ஊருக்குத் திருப்பி விட்டிருக்காங்க."

"வேற ஊருக்கா? ஏன்? அவன் அண்ணன் நீ போட்ட ரோடு இங்க இருக்கே."

மிலூத் விரிசலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான். "ரோட்டுல கொஞ்சம் வேலை இருக்குக்கா. அங்கேருந்து வண்டியில கொண்டாந்துருவாங்க. விடியறதுக்குள்ள வந்துரும்."

"கூஸ்கூஸ் வெந்துருச்சுடா. ஊரே வந்து உக்காந்திருக்கு."

"சாப்பிடச் சொல்லு."

அவன் நம்பித்தான் சொன்னான். திருப்பிவிட்டது மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு, லாரியில் ராத்திரி முழுக்க ஓட்டினாலும் விடியலில் புதைக்கலாம். குழி ஓர் இரவு திறந்துகிடக்கும். பரவாயில்லை, ஆள் காவல் இருந்துகொள்ளலாம். இதையெல்லாம் அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஹாதி கூப்பிட்டான்.

"அண்ணே, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"சொல்லு."

"ப்ளேன் எறங்கிருச்சு. ஆளுங்களை எறக்கி பஸ்ல ஏத்திட்டாங்க. ஆனா சரக்கை எறக்க முடியலை. இந்தப் பெரிய ப்ளேனுக்கு வயித்துலேருந்து எறக்க மேல தூக்குற வண்டி வேணும்ணே. அந்த ஊர்ல கெடையாது. அங்க சின்ன ப்ளேன்தான் வரும். பெட்டி உள்ளயே இருக்கு."

"ஆளுங்க சேந்து தூக்கிரலாமே. பத்துப் பேரை நான் கூட்டிக்கிட்டு வர்றேன்."

"ரெண்டு மாடி உயரம்ணே. பெட்டி ஒரு கொள்கலனுக்குள்ள, அதுக்கு முன்னால நாலு கொள்கலன் நிக்குது."

"அப்ப ப்ளேனை நாளைக்கு இங்க கொண்டு வருவாங்கல்ல? வெறும் ப்ளேனா?"

ஹாதி குரலைத் தாழ்த்தினான். "இங்க எப்ப தெறப்பாங்கன்னு யாருக்கும் தெரியலைண்ணே. கம்பெனிக்கிட்ட மாத்து ப்ளேனும் இல்லை. ரெண்டு பெரிய ப்ளேன் எஞ்சின் இல்லாம ஷெட்ல படுத்துக் கெடக்கு. மாண்ட்ரியால் போறவங்களை பஸ்ல அந்த ஊருக்கே அனுப்பிட்டாங்க. அவங்க ராத்திரி போய்ச் சேந்ததும் ஏத்திக்கிட்டு அப்படியே எடுக்கறான்."

"எங்க எடுக்கறான்?"

"மாண்ட்ரியாலுக்கு."

மிலூத் சுற்றிலும் பார்த்தான். வாசலில் இருந்த விளம்பரப் பலகையின் முதுகு தெரிந்தது. வெறும் தகரமும் கட்டையும்.

"என் தம்பி?"

"அவரும்தான்ணே. திரும்பி வர்ற ப்ளேன்ல கொண்டாரச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். அங்க எறக்காம வச்சிருந்தா வந்துரும். எறக்கிட்டாங்கன்னா... பேப்பரெல்லாம் மறுபடி முதல்லேருந்து. இப்ப அங்க பனிப்புயல் வேற. கொட்டகையில வச்சிருவாங்க. நான் பேசிக்கிட்டுத்தாண்ணே இருக்கேன். போனை யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க."

யாரைத் திட்டுவது என்று மிலூத்துக்குத் தெரியவில்லை. ஹாதியைத் திட்ட முடியாது. மேடத்தைத் திட்ட முடியாது. குழி தோண்ட வந்தவர்களைத் திட்ட முடியாது. காற்றைத் திட்டிப் பார்த்தான், மெதுவாக, வாய்க்குள். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

விரிசல் விட்ட மூன்று கட்டங்களையும் பெயர்த்தாக வேண்டும். பெயர்த்தால்தான் மறுபடி கொட்ட முடியும், கொட்டினால்தான் திறக்க முடியும். மேடம் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னாள். அவன் போகவில்லை. எவனும் போகவில்லை. காலையில் இரண்டு பேரை நிறுத்தி வைக்க முடியாத இடத்தில் இப்போது எல்லாரும் நின்றார்கள், சொல்லாமலே. உடைக்கும் மெஷினை ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பிடித்தார்கள். காலையில் கடப்பாரை பிடித்த கைகள் அதற்குள் கொப்பளித்திருந்தன.

நள்ளிரவு தாண்டிக் காற்று தணிந்தது. இனி எதற்கும் உதவாத, நல்ல குளிர்ந்த காற்று கடலிலிருந்து மறுபடி வந்தது. மக்கி மெஷினை நிறுத்தி, "மேஸ்திரி, உங்க போன்" என்றான்.

ரஹ்மாதான். இப்போது பின்னால் சத்தமில்லை.

"லாரி எங்க வருது?"

அவளிடம் இரண்டாவது பொய் சொல்ல அவனுக்கு வலுவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். கோடு வெட்டாமல் வந்ததையும் சொன்னான். மேலே எங்கோ உயரத்தில் ஒரு விமானம் மேற்கே போகும் சத்தம் கேட்டது. போனுக்குள்ளும் அதே சத்தம் சற்றுப் பிந்திக் கேட்டது.

"அதுதானாடா?"

"தெரியலைக்கா. அதாத்தான் இருக்கும்."

சத்தம் தேய்ந்து போகும்வரை இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பனிக்குள்ள போடாதீங்கன்னு சொன்னான்" என்றாள்.

"ஆமாக்கா."

"ஹ்ம்." மூக்கை உறிஞ்சினாள். "குழியை மூடச் சொல்லிட்டேன். வாயைத் தெறந்து வைக்கக் கூடாதுன்னு இமாம் முன்னாலேயே ஊர்க்காரங்க சத்தம் போட்டாங்க. நீ வார்த்த பலகையை எல்லாம் மேல அடுக்கிட்டாங்க."

"மண்ணு போட்டுட்டாங்களா?"

"போடலை. போட விடமாட்டேன்னு குறுக்க நின்னுட்டேன். உள்ள ஆள் இல்லாம எதுக்கு மண்ணு? அவன் வந்தப்பறம் போடட்டும்."

மிலூத் உடைத்துக் குவித்திருந்த காங்கிரீட் துண்டுகளைப் பார்த்தபடி நின்றான். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான்.

"பலகை எப்படி இருக்குக்கா? விரிசல் ஏதாச்சும்?"

"நான் கையால தடவிப் பாத்தேன்" என்றாள் ரஹ்மா. "ஒரு கீறல் இல்லைடா. நல்லா வார்த்திருக்கே."

அவன் போனைப் பையில் போட்டான். மக்கி கைகளை உதறிக்கொண்டு நின்றிருந்தான். மிலூத் அவனிடமிருந்து மெஷினை வாங்கி, விரிசலில் முனையை வைத்து, நெஞ்சுப் பாரத்தை அதன்மேல் சாய்த்தான்.